எபாக்சிப் பசை எல்லாம் ஒன்றல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வெளிவரும் மின்சாதனப் பழுதுநீக்கப் பகுதியில், எல்ஈடி விளக்கு, இன்வெர்ட்டர், மின்விசிறிக் கட்டுப்பாட்டுப் பலகை முதலியவற்றில் கழன்றுபோன பாகங்களை ஒட்டுவதற்குக் கடையில் கிடைக்கும் இரட்டைக் குழாய் எபாக்சி எதுவானாலும் போதும் என்றும், எபாக்சி மின்சாரத்தைக் கடத்தாது என்பதால் அச்சப்பட வேண்டியதில்லை என்றும் எழுதப்பட்டிருந்தது. இதில் இரண்டாவது கூற்று பெரும்பாலும் சரியானதே. ஆனால் அதை நம்பி முதல் கூற்றின்படி நடந்தால் கைப்பொருள் நட்டத்தோடு சில வேளைகளில் தீ விபத்தும் நேரலாம். விவசாயப் பம்புசெட்டுகளின் ஸ்டார்ட்டர் பெட்டிகளுக்கு மின்னணுப் பலகைகள் செய்துதரும் சிறு தொழிற்கூடம் ஒன்றைக் கோவையில் நடத்துபவன் என்ற முறையில், மின்காப்புக்கான எபாக்சியைத் தேர்ந்தெடுக்கும்போது உண்மையில் எவற்றைப் பார்க்க வேண்டும் என்பதைத் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். கடிதம் நீண்டுவிட்டது, பொறுத்தருள வேண்டுகிறேன்.

முதலில் கட்டுரையாளர் பக்கமுள்ள நியாயத்தைச் சொல்லிவிடுகிறேன். சரியாகக் கலந்து முழுமையாக இறுகிய எபாக்சி மிகச் சிறந்த மின்கடத்தாப் பொருள். அறை வெப்பநிலையில் அதன் மின்தடைமை, ஓம்-சென்டிமீட்டர் கணக்கில், 1 என்ற எண்ணுக்குப் பின் 13 முதல் 15 சுழியங்கள் இட வேண்டிய அளவுக்கு உயர்ந்தது. ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள எபாக்சித் தகடு 15 முதல் 20 கிலோவோல்ட் வரை துளைபடாமல் தாங்கும். வீட்டுக்கு வரும் 230 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் ஏறத்தாழ 325 வோல்ட்தான்; வெறும் கணக்குப்படி பார்த்தால் அதைத் தடுக்க ஒரு மில்லிமீட்டரில் ஐம்பதில் ஒரு பங்கு கனமே போதும். ஆகவே, பசையின் உடலைத் துளைத்துக்கொண்டு மின்சாரம் பாய்ந்ததால் கெட்டுப்போன பலகை என்று ஒன்று எங்கள் மேசைக்கு வருவது மிக அரிது. பலகைகள் வேறு வழிகளில் கெடுகின்றன. அந்த வழிகளைப் பற்றிக் குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் 'மின்சாரம் கடத்தாது' என்ற சொற்கள் எதையும் சொல்வதில்லை.

அவற்றுள் நம் ஊர்ச் சூழலில் முதலிடம் பெறுவது பசையின் மேற்பரப்பில் நடக்கும் மின்கசிவு. கிணற்றடி மோட்டார் அறையில் தூசியும், உரத்தின் உப்பும், இரவுப் பனியின் ஈரமும் பலகையின் மேல் மெல்லிய படலமாகப் படிகின்றன. மின்முனைகள் இரண்டுக்கு இடையே அந்தப் படலத்தின் வழியாகச் சிறிது மின்சாரம் கசிகிறது. கசியும் இடம் சூடாகி உலர்கிறது. உலர்ந்த இடத்தில் நுண்ணிய தீப்பொறி எழுகிறது. அந்தப் பொறி பசையின் தோலைச் சிறிது கருக்குகிறது. கருகிய இடம் கரி. கரி மின்சாரத்தைக் கடத்தும். நாளடைவில் அந்தக் கரித்தடம் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வேர்போல் ஓடிச் சேர்ந்துவிட்டால், தடித்த எபாக்சிக்கு மேலேயே மின்சாரம் தனக்கென்று ஒரு பாதை போட்டுக்கொள்கிறது. தொழிலில் இதை டிராக்கிங் என்கிறோம். சாதாரண எபாக்சியின் மூலக்கூறில் பென்சீன் வளையங்கள் மிகுதி என்பதால், அது எரியும்போது மிச்சமின்றி ஆவியாகிப் போகாமல் கரியை விட்டுச் செல்கிறது. உடலின் வழியே கடத்தாத பொருள் தன் தோலின் மேல் எளிதாகக் கடத்தத் தொடங்கிவிடும் என்பது பலருக்கு வியப்பாக இருக்கக்கூடும்.

இந்தக் குணத்தை அளப்பதற்கென்றே சிடிஐ என்ற எண் உள்ளது. சோதனைத் துண்டின் மேல் இரண்டு பிளாட்டின முனைகளை 4 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்து, அவற்றுக்கு நடுவே நவச்சார உப்புக் கரைசலை முப்பது நொடிக்கு ஒரு துளியாக ஐம்பது துளிகள் விழச் செய்து, கரித்தடம் உண்டாகாமல் தாங்கும் உச்ச வோல்ட்டைக் குறிப்பார்கள். ஐஇசி 60112 என்ற பன்னாட்டுத் தரம் இதற்கான முறையை வகுத்திருக்கிறது. 600 வோல்ட்டும் அதற்கு மேலும் தாங்குபவை முதல் வகுப்பு. 175-லிருந்து 400-க்குள் நின்றுவிடுபவை மூன்றாம் வகுப்பு. வழக்கமாகப் பயன்படும், கண்ணாடியிழையும் எபாக்சியும் சேர்ந்த எஃப்ஆர்-4 பச்சைப் பலகையே பெரும்பாலும் மூன்றாம் வகுப்பில்தான் வருகிறது. அதன் மேல் ஊற்றும் பசையும் அதே வகுப்பைச் சேர்ந்ததானால், மூன்று கட்ட 415 வோல்ட் இணைப்பின் முனைகளுக்கு இடையே பசை ஊற்றிவிட்டோம், இனி இடைவெளியைக் குறைத்துக்கொள்ளலாம் என்று நினைப்பது தவறு. அலுமினியம் ஹைட்ராக்சைடு தூள் நிரப்பிய எபாக்சிகள் இந்தச் சோதனையில் நன்றாகத் தேறுகின்றன. சூடேறும்போது அந்தத் தூள் தன்னுள் இருக்கும் நீரை வெளிவிட்டுத் தீப்பொறியைத் தணிப்பதே காரணம். எனவே உயர்வோல்ட் முனைகளைச் சுற்றி இடும் பசையை வாங்கும்போது கடைக்காரரிடம் கேட்க வேண்டிய முதல் எண், மில்லிமீட்டருக்கு எத்தனை கிலோவோல்ட் என்பதைக் காட்டிலும், சிடிஐ எவ்வளவு என்பதே.

அடுத்ததாகச் சொல்லப்போவதுதான், என் அனுபவத்தில், மிகப் பலரும் கவனிக்காதது. ஒவ்வொரு எபாக்சிக்கும் கண்ணாடி நிலைமாற்ற வெப்பநிலை என்று ஒன்று உண்டு. தொழிலில் சுருக்கமாக டிஜி என்பார்கள். அதற்குக் கீழே எபாக்சி கண்ணாடியைப் போலக் கெட்டியாக இருக்கும். அதைத் தாண்டினால் உருகாது, ஆனால் தோல்போலத் தளர்ந்துவிடும். தளர்ந்த பின் அதன் வெப்ப விரிவு ஏறத்தாழ மும்மடங்காகிறது. ஒட்டும் வலிமை சரிகிறது. மின்தடைமையும் அறை வெப்பநிலையில் அளந்ததோடு ஒப்பிட்டால் பல்லாயிரம் மடங்கு குறைந்துவிடக்கூடும். தகவல் தாளின் முதல் வரியில் பெருமையாக அச்சிட்டிருக்கும் மின்தடைமை 25 டிகிரி செல்சியஸில் அளந்தது என்பதை அடிக்குறிப்பில்தான் காண முடியும்.

அறை வெப்பநிலையிலேயே இறுகும் எபாக்சிகளின் டிஜி பெரும்பாலும் 45 முதல் 65 டிகிரிக்குள் அடங்கிவிடுகிறது. எபாக்சி எந்த வெப்பநிலையில் இறுகுகிறதோ அதைவிட வெகு உயரத்துக்கு அதன் டிஜி போகாது என்பது வேதியியலின் கட்டுப்பாடு. பிணைப்புகள் கூடக்கூடப் பொருள் கெட்டியாகி, மூலக்கூறுகள் நகர முடியாமல் போவதால் வினை பாதியில் நின்றுவிடுகிறது. அதை மறுபடியும் 80 டிகிரியிலோ 100 டிகிரியிலோ சில மணிநேரம் வைத்துச் சூடாக்கினால் நின்ற வினை தொடர்ந்து, டிஜியும் உயரும். ஐந்து நிமிடத்தில் ஒட்டிக்கொள்ளும் அவசரப் பசைகளின் நிலை இன்னும் மோசம். இரட்டைக் குழாயில் ஒன்றில் இருப்பது ரெசின் என்ற மூலப்பசை, மற்றதில் இருப்பது அதை இறுகவைக்கும் ஹார்டனர். அவசரப் பசைகளின் ஹார்டனர் பெரும்பாலும் மெர்காப்டன் என்ற கந்தகச் சேர்ம வகையைச் சேர்ந்தது. குழாயைத் திறந்ததும் வரும் அழுகிய முட்டை நாற்றம் அதனுடையதே. விரைவாக இறுகுவதைத் தவிர அதற்கு வேறு பெரிய சிறப்பு கிடையாது. சூட்டையும் ஈரத்தையும் அது நன்றாகத் தாங்குவதில்லை.

இப்போது நம் ஸ்டார்ட்டர் பெட்டியை நினைத்துப் பார்க்க வேண்டும். சித்திரை மாத வெயிலில் வெளியே 40 டிகிரி என்றால், வெயில் படும் இரும்புப் பெட்டிக்குள் 60 டிகிரி எளிதாக வந்துவிடும்; மின்தடையத்துக்கும் ரெக்டிஃபையருக்கும் பக்கத்தில் 80, 90 என்று போகும். மூடிய எல்ஈடி விளக்கின் உட்பகுதியும் இதற்குச் சளைத்ததல்ல. அங்கே ஐந்து நிமிடப் பசையை வைத்தவர், பகல் முழுவதும் தளர்ந்தும் இரவில் இறுகியும் கிடக்கும் ஒரு பொருளிடம் தம் பலகையை ஒப்படைத்திருக்கிறார். அந்தப் பசை உடனே விழுந்துவிடாது என்பதே இதில் உள்ள சிக்கல். சில மாதங்கள் தாங்கிவிட்டு, பழுதுக்கு வேறு காரணங்களைத் தேடவைக்கும். பலகை வேலை செய்யும் இடத்தின் உச்ச வெப்பநிலையைவிட டிஜி குறைந்தது 15, 20 டிகிரியாவது கூடுதலாக இருக்க வேண்டும் என்பதையே எங்கள் கூடத்தில் விதியாக வைத்திருக்கிறோம். விதிவிலக்காக, வேண்டுமென்றே மென்மையாகச் செய்யப்பட்டு டிஜி சுழியத்துக்கும் கீழே இருக்கும் நெகிழ் எபாக்சிகளும் உண்டு. அவை எப்போதும் தளர்ந்த நிலையிலேயே இருப்பதால் நாள்தோறும் நிலை மாறும் தொல்லை இல்லை. ஆனால் சூட்டில் அவற்றின் மின்தடைமை எவ்வளவு என்று தனியாகக் கேட்டறிய வேண்டும்.

வெப்பம் கடத்துவது, மின்சாரம் கடத்துவது ஆகிய இரண்டையும் கட்டுரையாளர் ஓரிடத்தில் குழப்பிவிட்டிருக்கிறார். எல்ஈடி தகட்டை அலுமினியத்தின் மேல் ஒட்ட 'வெப்பம் கடத்தும் எபாக்சி' வாங்கச் சொல்வது சரிதான். எதை நிரப்பி அந்த வெப்பக் கடத்துத்திறன் வந்தது என்று கேட்கச் சொல்லாதது குறை. வெறும் எபாக்சியின் வெப்பக் கடத்துத்திறன் மீட்டர்-கெல்வினுக்கு 0.2 வாட் அளவே. அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு, தூள் நிரப்பினால் அது 1 வாட்டைத் தாண்டும். போரான் நைட்ரைடு நிரப்பினால் இன்னும் சற்று உயரும். இவை இரண்டும் மின்சாரத்தைக் கடத்தாதவை. வெள்ளித் தூள் நிரப்பியது வெப்பத்தோடு மின்சாரத்தையும் நன்றாகக் கடத்தும். ஈயப்பற்று வைக்க முடியாத இடங்களில் மின்னிணைப்பு கொடுப்பதற்கென்றே அது செய்யப்படுகிறது. அலுமினியத் தூளும் இரும்புத் தூளும் கலந்த, உலோக விரிசல் அடைக்கும் சாம்பல் நிறப் பசைகளும் அதே அலமாரியில்தான் இருக்கின்றன. அவற்றில் தூளின் ஒவ்வொரு துகளையும் எபாக்சி சூழ்ந்திருப்பதால், மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் எதையும் காட்டாது. மல்டிமீட்டர் சில வோல்ட்டுகளில் அளக்கும் கருவி. மின்காப்பை உயர்வோல்ட்டில் அளக்கும் 500 வோல்ட் மெக்கர் வைத்துப் பார்த்தால் கதை வேறாக இருக்கலாம். மின்காப்பு தேவைப்படும் இடத்தில் உலோகத் தூள் கலந்த எந்தப் பசையும் வேண்டாம் என்பதே பாதுகாப்பான முடிவு.

வெப்பத்துக்கும் மின்காப்புக்கும் இடையே உள்ள இழுபறியைக் கணக்கிட்டே பார்த்துவிடலாம். ஒரு சதுர சென்டிமீட்டர் பரப்பில், 0.1 மில்லிமீட்டர் கனத்தில், 1 வாட் கடத்துத்திறன் கொண்ட பசையை இட்டால், அதன் வழியே செல்லும் ஒவ்வொரு வாட்டுக்கும் 1 டிகிரி வீதம் வெப்பநிலை கூடும். அதே கனத்தில் வெறும் எபாக்சி என்றால் 5 டிகிரி. ஐந்து வாட் எல்ஈடிக்கு முன்னது 5 டிகிரி, பின்னது 25 டிகிரி. எனவே கனத்தைக் குறைக்கத் தோன்றும். அழுத்தி ஒட்டத் தோன்றும். அழுத்தும்போது எங்காவது ஒரு மூலையில் பசை முழுவதும் பிதுங்கி வெளியேறி, செம்பும் அலுமினியமும் நேராகத் தொட்டுவிட்டால் மின்காப்பு முடிந்தது. தொழிற்சாலைகளில் குறிப்பிட்ட விட்டமுள்ள நுண்கண்ணாடி மணிகளைப் பசையில் கலப்பது இதற்காகவே; எவ்வளவு அழுத்தினாலும் மணியின் விட்டத்துக்குக் கீழே இடைவெளி குறையாது. வீட்டில் அதற்கு வழியில்லாதபோது, மின்கம்பி முனைக்கும் கை படும் உலோகத்துக்கும் நடுவே பசையை மட்டும் நம்பாமல் மைக்காத் தகடோ பாலிஇமைடுத் தாளோ வைக்க வேண்டும் என்று கட்டுரை கட்டாயம் சொல்லியிருக்க வேண்டும். மின்னணுச் சாதனங்களின் பாதுகாப்புக்கான ஐஇசி 62368-1 தரம் மனிதர் தொடும் பக்கத்துக்கான வலுவூட்டிய திடக் காப்புக்குப் பொதுவாகக் குறைந்தது 0.4 மில்லிமீட்டர் கனம் கேட்கிறது. ஒட்டிய இணைப்புகளுக்கெனத் தனிச் சோதனைகளையும் வைத்திருக்கிறது. கையால் தடவி அழுத்திய பசைப்படலம் அந்த அளவுக்கு அருகில் வருவதே இல்லை.

கலப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஹார்டனரைக் கூடுதலாக ஊற்றினால் சீக்கிரம் இறுகும் என்ற நம்பிக்கை, படகுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் கண்ணாடியிழை ஒட்டும் பாலியெஸ்டர் ரெசின் தொழிலிலிருந்து வந்திருக்க வேண்டும். அங்கே ஊற்றுவது வினையைத் தூண்டும் பொருள். கூடினால் வேகம் கூடும். எபாக்சியில் ஹார்டனரின் மூலக்கூறும் ரெசினின் மூலக்கூறும் குறிப்பிட்ட விகிதத்தில் ஒன்றோடொன்று இணைந்தே வலையாகின்றன. கூடுதலாக ஊற்றிய ஹார்டனர் இணைய ஆளின்றி உள்ளேயே தங்கி, ஈரத்தை இழுத்துக்கொள்கிறது, செம்பையும் அரிக்கிறது, டிஜியைக் கீழே இறக்குகிறது. விகிதம் எடைக்கணக்கா பருமக்கணக்கா என்பதையும் பார்க்க வேண்டும். இரண்டின் அடர்த்தியும் வேறு என்பதால், எடைக்குச் சொன்ன விகிதத்தைக் கோப்பையில் அளந்தால் பிழையாகும். அலுமினா போன்ற நிரப்பித் தூள் கலந்த டின்னில் இன்னொரு சிக்கல்: மாதக்கணக்கில் அசையாமல் இருந்தால் அலுமினா அடியில் படிந்துவிடும். மேலே உள்ளதை மட்டும் எடுத்தவருக்கு வெப்பம் கடத்தாத பசையும், கடைசியில் எடுத்தவருக்குக் களிமண் போன்ற பசையும் கிடைக்கும். இருவரும் ஒரே டின்னிலிருந்துதான் எடுத்திருப்பார்கள். அடிவரை கலக்கிவிட்டே நிறுக்க வேண்டும்.

மழைக்காலத்தில் இறுகிய பசையின் மேல் எண்ணெய் தடவியதுபோல ஒரு பிசுபிசுப்பு வருவதைப் பலரும் கண்டிருப்பார்கள். அமீன் வகை ஹார்டனர், காற்றிலுள்ள ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்வதால் உண்டாகும் படலம் அது. ஈரத்தை ஈர்க்கும் குணமுள்ளது. மேலே சொன்ன கரித்தடத்துக்கு அதுவே பாய் விரித்துக் கொடுக்கிறது. இளஞ்சூடான நீரில் நனைத்த துணியால் துடைத்து நன்கு உலர்த்தினால் போய்விடும் என்பதையும், அதைத் துடைக்காமல் மேலே இன்னொரு பூச்சுப் பூசினால் அது ஒட்டாது என்பதையும் அறிந்தவர்கள் குறைவு.

காற்றுக் குமிழிகளைப் பற்றிக் கட்டுரை அதிகமாகவே அச்சுறுத்தியிருக்கிறது என்பது என் கருத்து. எபாக்சிக்குள் சிக்கிய குமிழியில் மின்புலம், சுற்றியுள்ள எபாக்சியில் இருப்பதைவிட மிகும். காற்றோ எபாக்சியைவிட மிகக் குறைந்த புலத்திலேயே முறிந்துவிடும். அதனால் குமிழிக்குள் நுண்ணிய மின்பொறிகள் எழுந்து மெல்ல மெல்லச் சுவரைத் தின்னும். இவையெல்லாம் உண்மையே. ஆனால் இது கிலோவோல்ட் கணக்கில் இயங்கும் இக்னிஷன் காயில், உயர்வோல்ட் மின்மாற்றி போன்றவற்றின் கவலை. அங்கே வெற்றிடத்தில் வைத்துக் குமிழிகளை எடுப்பது கட்டாயம். காற்றில் ஒரு குமிழி மின்பொறி விட வேண்டுமானால் எவ்வளவு சிறிய இடைவெளியானாலும் 300 வோல்ட்டுக்கு மேல் வேண்டும் என்பதால், பன்னிரண்டு வோல்ட் பலகைக்கு வெற்றிடப் பம்பு தேட வேண்டியதில்லை.

இனி, எபாக்சி தானே குற்றவாளியான ஒரு நிகழ்வைச் சொல்கிறேன். 2000-ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் ஃபுஜிட்சு நிறுவனத்தின் கணினி ஹார்டு டிஸ்குகள் பெருமளவில் செயலிழந்தன. வாங்கியபோது நன்றாக ஓடியவை, மாதங்கள் சென்றபின் நின்றுபோயின. விசாரித்தபோது, அவற்றிலிருந்த சிர்ரஸ் லாஜிக் நிறுவனத்தின் சில்லுகளை மூடியிருந்த கறுப்பு எபாக்சி வார்ப்புக் கலவையின் மேல் பழி விழுந்தது. அந்தக் கலவையை உருவாக்கியது ஜப்பானின் சுமிட்டோமோ பேக்லைட். சுற்றுச்சூழலைக் கருதி, தீத்தடுப்புக்கு வழக்கமாகச் சேர்க்கும் புரோமின், ஆன்டிமணி சேர்மங்களுக்குப் பதிலாக அதில் சிவப்பு பாஸ்பரஸ் சேர்க்கப்பட்டிருந்தது. சிவப்பு பாஸ்பரஸ் துகள்களின் மேற்பூச்சு ஈரத்தை முழுமையாகத் தடுக்காதபோது அவை ஈரத்தோடு வினைபுரிந்து பாஸ்பாரிக் அமிலத்தை உண்டாக்கின. மின்னழுத்தம் இருக்கும் இரு கால்களுக்கு நடுவே அந்த அமிலத்தின் வழியாக உலோகம் கரைந்து நகர்ந்து, சில்லின் உள்ளேயே குறுக்கிணைப்பு உண்டானது. சில்லு செய்தவர், அதை உறையிட்டவர், கலவை கொடுத்தவர் என்று வழக்குகள் அமெரிக்க நீதிமன்றங்களில் ஆண்டுக்கணக்கில் நடந்தன. புதிதாக அளந்தபோது அந்தக் கலவையின் மின்தடைமையில் குறை சொல்ல யாராலும் முடிந்திருக்காது.

இந்த நிகழ்விலிருந்து நம் வேலைக்கு வேண்டியது ஒன்றே. எபாக்சியில் கலந்திருக்கும் அயனிகளின் அளவு, குறிப்பாகக் குளோரைடு, ஒரு தனித் தகுதி. எபாக்சி ரெசின் பெரும்பாலும் எபிகுளோரோஹைட்ரினிலிருந்து செய்யப்படுவதால் குளோரின் எச்சம் சிறிதளவு தங்குவது இயல்பு. மின்னணுத் தரம் என்று விற்கப்படும் ரெசினில் அது கட்டுப்படுத்தப்படுகிறது, மரச்சாமான் ஒட்டும் ரெசினில் அந்தக் கவலை யாருக்கும் இல்லை. இரண்டும் புதிதாக இருக்கும்போது ஒரே மின்தடைமையைக் காட்டும். வியர்வைக் கைத்தடமும், ஈயப்பற்று வைக்கும்போது தடவும் ஃபிளக்ஸின் எச்சமும் உள்ள பலகையின் மேல் எவ்வளவு உயர்ந்த பசையை ஊற்றினாலும் அயனிகளை உள்ளே பூட்டிவைத்த பலனே கிட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் கழுவி, மின் ஓவனில் மிதமான சூட்டில் உலர்த்திய பிறகே பசை.

எபாக்சியே கூடாத இடங்களும் உண்டு. இறுகும்போது சுருங்குவதாலும், சூடேறும்போது செம்பைவிட மூன்று நான்கு மடங்கு விரிவதாலும், கெட்டியான எபாக்சி தனக்குள் அகப்பட்ட மென்மையான பாகங்களைப் பிழிகிறது. பீங்கான் மின்தேக்கிகளில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும். கண்ணாடி டயோடுகள் உடையும். ஃபெரைட் கருவின் காந்தக் குணமே அழுத்தத்தால் மாறிச் சுருளின் அளவு பிசகும். ரிலேயின் இடுக்கில் புகுந்தால் சொல்ல வேண்டியதில்லை. இங்கெல்லாம் சிலிக்கோன் ஏற்றது. அதிலும் காடி வாசம் வீசும் குளியலறைச் சிலிக்கோன் வேண்டாம். இறுகும்போது அது வெளிவிடும் அசிட்டிக் அமிலம் செம்பைப் பச்சையாக்கிவிடும். மின்னணு வேலைக்கென்று விற்கும், வாசமில்லாத நடுநிலை வகையே வேண்டும். பிற்பாடு பழுதுபார்க்க வேண்டிய பலகை முழுவதையும் எபாக்சியில் முக்கிவிடுவதும் எனக்கு உடன்பாடில்லை. விற்பவருக்கு அது வசதி, ஏனெனில் போட்டியாளர் திறந்து பார்க்க முடியாது. வாங்கிய விவசாயிக்கோ ஒரு ரூபாய் டயோடு கெட்டாலும் பலகை முழுவதும் குப்பை.

வேலை செய்பவர்களின் உடல்நலத்தைப் பற்றிக் கட்டுரையில் ஒரு வரிகூட இல்லாதது வருத்தமளித்தது. கெட்டிப்படாத ரெசினும் ஹார்டனரும் தோலில் ஒவ்வாமையைத் தோற்றுவிப்பவை. ஒருமுறை உடல் அதைப் பகையாக அடையாளம் கண்டுகொண்டால், பிறகு வாழ்நாள் முழுவதும் சிறு துளி பட்டாலும் சிவந்து கொப்பளிக்கும். அந்தத் தொழிலையே விட வேண்டிவரும். எங்கள் பகுதிச் சிறு கூடங்களில் பசை இடும் வேலையைப் பெரும்பாலும் பெண்களே செய்கிறார்கள். வெறுங்கையால் செய்துவிட்டு, தின்னரால் கையைக் கழுவுவது வழக்கமாக இருக்கிறது. தின்னர் தோலின் எண்ணெய்ப்பசையை எடுத்துவிட்டு மிச்சமுள்ள பசையை இன்னும் ஆழமாக உள்ளே அனுப்பிவிடும். நைட்ரைல் கையுறை, காற்றோட்டம், பட்டுவிட்டால் சோப்பும் தண்ணீரும் என்ற மூன்றையும் முதலாளிகள் செலவாகக் கருதக் கூடாது.

கடைகளைப் பற்றி இரண்டு சொல். சென்னை ரிச்சி தெருவானாலும் கோவையானாலும், பெரிய டிரம்மில் வந்த ரெசினைப் பெயரில்லாத பாட்டில்களில் ஊற்றி விற்கும் பழக்கம் இருக்கிறது. விலை குறைவு என்று வாங்கிவிடுகிறோம். தயாரித்த நாள் தெரியாது, காலாவதி தெரியாது, கலவை விகிதம் கடைப் பையன் வாயால் சொன்னது. தயாரிப்பாளர்கள் ஏறக்குறைய எல்லோருமே தகவல் தாள் வெளியிடுகிறார்கள். கேட்பவர் இல்லாததால் கடைக்காரர் அதை வைத்திருப்பதில்லை. இறுகும் அட்டவணை, டிஜி, சிடிஐ, வெப்பக் கடத்துத்திறன், நிரப்பி எது, பற்றிய தீ விரைவில் தானே அணைந்துவிடும் என்பதற்கான யுஎல் 94 வி-0 சான்று உண்டா, அது எந்தக் கனத்துக்கு வழங்கப்பட்டது என்ற விவரங்களைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சிட்டுப் பாட்டிலோடு கொடுப்பது பெரிய செலவன்று. கனத்தைக் குறிப்பிட்டுச் சொல்வதற்குக் காரணம் உண்டு: மூன்று மில்லிமீட்டர் கனத்தில் வி-0 பெற்ற பசை, அரை மில்லிமீட்டரில் எரிந்துபோகலாம்.

பாலிடெக்னிக்குகளிலும் ஐடிஐ-களிலும் ஈயப்பற்று வைக்க மாணவர்களுக்கு நன்றாகவே பயிற்சி தருகிறார்கள். எங்களிடம் வேலைக்கு வரும் இளைஞர்களின் கை அதில் சுத்தமாக இருக்கிறது. ஆனால் ஒரு பசையின் தகவல் தாளைக் கையில் கொடுத்தால் எந்த வரியைப் பார்ப்பது என்று தெரியாமல் விழிக்கிறார்கள். ஆய்வகத்தில் ஒரே ரெசினைச் சரியான விகிதத்திலும் தவறான விகிதத்திலும் கலந்து வார்த்து, இரண்டையும் வெந்நீரில் இட்டெடுத்து, 500 வோல்ட் மெக்கரில் அளந்து பார்க்கும் ஒரு செய்முறையைப் பாடத்திட்டத்தில் சேர்க்கலாம். அதற்குத் தேவையான கருவிகள் எல்லாக் கல்லூரியிலும் ஏற்கெனவே உள்ளன.

தங்கள் இணைப்பின் அடுத்த இதழில், அந்தக் கட்டுரைக்கு ஒரு திருத்தமாக, குறைந்தது இவ்வளவாவது வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்: மின்இணைப்போடு நேரடித் தொடர்புள்ள பாகங்களையும் சூடாகும் பாகங்களையும் ஐந்து நிமிட எபாக்சியால் ஒட்ட வேண்டாம், உலோகத் தூள் கலந்த பசை மின்பலகையில் வேண்டாம், மனிதர் தொடும் உலோகத்துக்கும் மின்முனைக்கும் இடையே பசையை மட்டும் காப்பாகக் கொள்ள வேண்டாம். இதற்கு மேல் செய்ய விரும்பும் வாசகர்கள், பசை கலந்த கோப்பையில் எஞ்சியதைத் தூக்கி எறியாமல் தேதி எழுதி வைத்திருந்து, மறுநாள் அதன் மேல் நகத்தை அழுத்திப் பார்க்கலாம். தடம் விழுந்தால் பலகையில் இருக்கும் பசையும் அதே நிலையில்தான் இருக்கிறது. மின்சாரம் கொடுக்காமல் நிறுத்திவிட வேண்டும்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மின்னணுப் பலகை தயாரிப்பாளர்,
கணபதி, கோயம்புத்தூர்.